தேர் பார்க்க நின்ற இடம்

ஏப்ரல் 20, 1993, செவ்வாய்

இன்று வேலையில் பெட்டி ஒட்டுகிற ரேப் உருளை ஒன்றை எறிந்தேன். அதால் வந்த வினை.

ரொறன்ரோவில் எங்கள் பக்டரியில் தயிர்க் கோப்பைகளுக்கு மூடி செய்கிறோம். மெஷினுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இராஜரட்ணம் அண்ணை. "பிள்ளை, ரேப் முடிஞ்சுது!" என்று கத்தினார். சுற்றிப் போய்க் கொடுக்கப் பஞ்சியாக இருந்தது. மெஷினுக்கு மேலால் வீசினேன். அவர் நீட்டிய கையில் போய் இருந்தது. திரும்பினால் பின்னால் சுப்பவைசர் வேரோனிக்கா. சரி, இன்றைக்கு எச்சரிக்கைக் கடிதம்தான் என்று நினைத்தேன். அவள் என் மேல்கையைப் பிடித்து, சந்தையில் கத்தரிக்காய் பார்ப்பதுபோல் அமத்திப் பார்த்துவிட்டு, செவ்வாய்க்கிழமை பின்னேரங்களில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள்.

கம்பனிக்கு ஒரு சொவ்ட்போல் ரீம் இருக்கிறதாம். சொவ்ட்போல் என்பது பேஸ்போலுக்குத் தங்கச்சி. பந்து பெரிசு, எறிவது மெதுவு. மைதானத்தில் நாலு பெண்களாவது நிற்கவேண்டும் என்பது சட்டம். ஒருத்தி குறைந்தாலும் விளையாடாமலே தோல்வி. நாலாவது ஆளான றோஸ்மேரி பிள்ளை பெறப் போய்விட்டாள். எனக்கு விளையாட்டுத் தெரியாது என்றேன். எங்களில் ஒருவருக்கும் தெரியாது என்றாள் வேரோனிக்கா.

வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். "முப்பத்தெட்டு வயதில பந்தடிக்கப் போறீரோ?"

போகிறேன். பள்ளிக்கூடத்தில் எல்லே ரீமுக்கு நான் தலைவி. மூங்கில் தடியால் அடித்துவிட்டு நாலு கம்பத்தையும் சுற்றி ஓடுவோம். பேஸ்போல் மட்டும் என்னவாம்? அடிக்கிறார்கள், சுற்றி ஓடுகிறார்கள்.

மகள் மயூரி ரீவியிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள். ரீவி ஓடும்போது அவள் நிமிர்வதில்லை. ஆனால் நிமிர்ந்தாள்.

ஏப்ரல் 24, சனி

மயூரி வந்து முன்னால் நின்றாள். "இஞ்ச, ஸ்ரீலங்காவுக்கு எத்தினை முத்திரை ஒட்டோணும்?"

'இஞ்ச', இங்கே பார் என்பதுபோல. அதுதான் என் பெயர். போன ஓகஸ்டில் வந்தவள். எட்டு மாதமாக அப்படித்தான். அல்லது முன்னால் வந்து நிற்பாள், நானாகப் பார்க்கும்வரை. இவரை 'அப்பா' என்கிறாள். இவர் எனக்கு முந்தியே கனடாவுக்கு வந்துவிட்டதால் அந்தச் சொல் அவளுக்குக் காலியாகக் கிடந்தது. 'அம்மா' காலியாக இல்லை. அதில் என் தங்கச்சி மங்கை இருக்கிறாள்.

எண்பத்தெட்டில் நான் ஏஜென்ரோடு புறப்பட்டபோது மயூரிக்கு எட்டு வயது. கொழும்பு வெள்ளவத்தையில் மங்கையிடம் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதம் என்று சொன்னேன். நாலு வருடமானது. கலியாணமே செய்யாத மங்கையை என் பிள்ளை 'அம்மா' என்று கூப்பிடுகிறாள். பிழை சொல்ல ஒருவரும் இல்லை. அதுதான் எரிச்சல்.

முத்திரை கொடுத்தேன். கடிதம் எழுதுகிறாள், நல்லதுதானே.

மே 4, செவ்வாய்

மானம் போயிற்று. முழுவதையும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

மெத்தைக் கம்பனிக்காரரோடு முதல் மட்ச். இராஜரட்ணம் அண்ணை ஊரில் கிரிக்கெட் ஆடியவர், அதை ஒரு நாளைக்கு மூன்று தரம் சொல்லுவார். பந்தை அடித்துவிட்டு மட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடினார். முதல் பேஸுக்கு, எல்லேயில் கம்பம் மாதிரி, கிட்டப் போனதும் குனிந்து, மட்டையை நீட்டி நிலத்தில் உரசினார். பார்த்தவர்கள் அவருக்கு இடுப்புப் பிடித்துவிட்டது என்று தண்ணீர் கொண்டு ஓடினார்கள்.

நான் சிரித்தேன். சிரித்த வாய்க்குத் தண்டனை உடனே கிடைத்தது.

மெத்தைக்காரரில் ஒரு செந்தாடிக்காரன், ஆறடி உயரம். அவன் பேஸுக்கும் பேஸுக்கும் நடுவில் ஓடுகிறான். பந்து என் கைக்கு வந்தது. எல்லேயில் என்ன செய்வோம்? ஓடுகிற ஆளுக்கு எறிவோம். பட்டால் அவுட். எறிந்தேன். முதுகின் நடுவில் பட்டது. மத்தளத்தில் அடித்த சத்தம். செந்தாடி அப்படியே நிலத்தில் இருந்துவிட்டான். நான் இரண்டு கையையும் தூக்கி, "அவுட்!" என்று துள்ளினேன்.

ஒருவரும் துள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்டு 'சொறி' என்று பதினொரு தரம் சொன்னேன். அவனை ஒரு பேஸ் கூடுதலாகப் போகவிட்டார்கள். ஒன்பது ஓட்டத்தால் தோற்றோம்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம். மயூரி சிரிக்கிறாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். எட்டு வயதிலும் அப்படித்தான் சிரிப்பாள், மறந்தே போனேன். வெளியே வந்து சீனிப் போத்தல், உப்பு, பட்டர், என் தேத்தண்ணிக் கோப்பை நாலையும் மேசையில் பேஸாக வைத்தாள்.

"ஆளுக்கு எறியக்கூடாது. ஓடுற ஆளுக்கு முந்திப் பந்து பேஸுக்குப் போகோணும். இல்லாட்டிப் பந்து இருக்கிற கையால ஆளைத் தொடோணும்."

"இதெல்லாம் உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"புளூ ஜேஸ்."

போன வருடம் அவள் வந்திறங்கி இரண்டு மாதத்தில் ரொறன்ரோவின் பேஸ்போல் ரீம் புளூ ஜேஸ் உலகச் சம்பியன் ஆனது. தெருவெல்லாம் ஹோர்ன் சத்தம். ஒரு சிநேகிதி இல்லை, பாஷை இல்லை, ரீவி மட்டும்தான் இருந்தது. இங்கிலீஷையே அவள் பேஸ்போலில்தான் படித்தாள்.

மே 9, ஞாயிறு

அன்னையர் தினமாம். எங்கள் கட்டிடத்து எலிவேற்றர் முழுக்கப் பூவும் பிள்ளைகளும். மூன்றாம் மாடிப் பொடியன் தாய்க்குக் கார்ட் செய்து கொண்டுபோகிறான்.

அப்போதுதான் முத்திரை விளங்கியது.

அது கடிதமில்லை. கார்ட். அதுவும் இரண்டு கிழமைக்கு முந்தியே அனுப்பியிருக்கிறாள், நேரத்துக்குப் போய்ச் சேரவேணுமெண்டு. நானே முத்திரை எடுத்துக் குடுத்தனான். நானே நாக்கால நனைச்சு ஒட்டியும் விட்டனான். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு எண்டு சும்மாவே சொன்னவை. நான் என்ன செய்தனான்? உயிரைக் காப்பாத்தத்தானே வந்தனான்? ஆரிட்டைக் கேக்கிறது?

மே 10, திங்கள்

நேற்று எழுதியதை வாசித்தேன். மயூரிக்குச் சின்னம்மை வந்தபோது பக்கத்தில் விழித்திருந்தவள் மங்கை. கார்ட் அவளுக்குத்தான் போகவேண்டும். தெரியும். தெரிந்தாலும் அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை.

மே 18, செவ்வாய்

மட்சுக்குப் புறப்படும்போது மயூரி சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "நானும் வாறன். நீங்கள் திரும்ப ஆருக்கும் எறிஞ்சு போடுவீங்கள்."

ஒரு கொப்பியும் கொண்டு வந்தாள். ஓரத்து வாங்குப் பலகையிலிருந்து ஒவ்வொரு அடியையும் கட்டம் கட்டமாக எழுதினாள். வேரோனிக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, இனி இவள்தான் எங்கள் கணக்கப்பிள்ளை என்று தன் தொப்பியைக் கழற்றி அவள் தலையில் வைத்தாள்.

வென்றோம். நான் ஒருவருக்கும் எறியவில்லை.

யூன் 15, செவ்வாய்

ஐந்து மட்சில் நாலு வெற்றி!

இன்று தூரத்தில் நின்று நேரே ஹோமுக்கு ஒரு எறி எறிந்தேன். ஹோம் என்பது நாலாவது பேஸ், அடிக்கிறவர் நிற்கிற இடம். ஆள் வந்துசேர முன்னம் பந்து சேர்ந்துவிட்டது. வேரோனிக்கா சந்தோசத்தில், "அவளிட்டைத் துவக்கு இருக்கு!" என்று இங்கிலீஷில் கத்தினாள். துவக்கு என்றால் எங்களுக்குச் சுடுகிற துப்பாக்கிதான், அந்தச் சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், இராஜரட்ணம் அண்ணை குப்புற விழுந்து படுத்துவிட்டார். நானும் பாதி குந்திவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் மைதானத்தில் எல்லோரும் நிற்கிறார்கள், நாங்கள் இரண்டு பேர் மட்டும் நிலத்தில்.

வாங்கிலிருந்து மயூரி ஓடிவந்தாள். "நல்லா எறியிற கையைத் துவக்கெண்டுதான் சொல்லுறவை. எழும்புங்கோ அங்கிள்." அவளும் முதலில் குனிந்துதான் போனாளாம், காரில் வரும்போது மெதுவாகச் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம். அண்ணை அவ்வளவாகச் சிரிக்கவில்லை, புதுக் காற்சட்டை.

யூன் 20, ஞாயிறு

இவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். பிள்ளை என்னை 'இஞ்ச' என்கிறாள் என்று. இவர் மிசிசாகாவில் விமானச் சாப்பாடு கட்டுகிற இடத்தில் வேலை. ஞாயிறு ஒன்றுதான் ஆளைப் பார்த்துப் பேசலாம்.

"பதினைஞ்சு வருசமா நீர் என்னை என்னெண்டு கூப்பிடுறீர்?"

"இஞ்சேருங்கோ எண்டு."

"அதுக்கு நான் அழுதனானோ?"

மனுசனோடு பேசி வெல்ல முடியாது. பத்மநாதன். இதோ, எழுதிவிட்டேன். வாயால் இன்னும் வராது. அன்பில்லாமலா?

அப்படியென்றால் அவளுக்கும் வாயால் வரவில்லை, அவ்வளவுதானா? இதை யோசித்துக்கொண்டே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

யூலை 1, வியாழன்

கனடா தினம், லீவு. வோபர்ன் பூங்காவில் நானும் மயூரியும் பந்து எறிந்து விளையாடினோம். இதில் ஒரு வசதி, முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. பந்தைப் பார்த்தால் போதும். கதை தானாக வருகிறது.

எறிந்தபடி சொன்னாள்: "அங்க சுவரில உங்கட படம் இருந்தது. படத்து அம்மா எண்டு சொல்லுவன்."

பிடித்தேன். எறிந்தேன்.

"இஞ்ச வந்தாப் பிறகு அப்பிடிக் கூப்பிடேலாது தானே. நீங்கள் படமில்லையே."

பிடித்தாள். எறிந்தாள்.

"நீங்கள் ரெண்டு பேர். ஒரு சொல்லுத்தான் கிடக்கு. உங்களைக் கூப்பிட்டா அங்க அம்மாட்டை இருந்து எடுத்த மாதிரி."

நான் பந்தை விட்டுவிட்டேன். உருண்டு பற்றைக்குள் போனது. தேடுவதற்கு வேண்டுமென்றே கனநேரம் எடுத்தேன்.

ஓகஸ்ட் 3, செவ்வாய்

மங்கையின் கடிதம். 'அக்கா, மயூவின் கார்ட் கிடைச்சது. வாசிச்சு அழுதிட்டன். உங்களுக்கும் ஒண்டு தந்திருப்பாள் எண்டு நினைக்கிறன். தராட்டிக் கோவிக்காதேங்கோ. அவளை அவசரப்படுத்தக் கூடாது. தானா வருவாள்.'

என் பிள்ளையைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கிறாள்!

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னொரு தரம் வாசித்தேன். அவளை அனுப்பிவிட்டு மங்கை அந்த வீட்டில் தனியே இருக்கிறாள். அதை ஒரு வரியும் எழுதவில்லை, பாவி.

இன்றும் வென்றோம். இதைத்தான் முதலில் எழுதியிருக்கவேண்டும்.

ஓகஸ்ட் 31, செவ்வாய்

அரையிறுதியும் எங்களுக்கு. கடைசி மட்ச் செப்ரெம்பர் பன்னிரண்டு, ஞாயிறு மத்தியானம். யாரோடு? மெத்தைக்காரரோடு. செந்தாடி போகும்போது என்னைப் பார்த்துத் தன் முதுகைத் தடவிக் காட்டிவிட்டுப் போனான்.

செப்ரெம்பர் 12, ஞாயிறு

சந்தோசமா, வெட்கமா? இரண்டும்தான்.

இவர் வேலைக்குப் போகாமல் நின்று வந்தார். தக்காளிச் சோறு கட்டிக்கொண்டு போனோம். ஏழு சுற்று விளையாட்டு. ஆறு முடிய ஒன்பதுக்கு ஒன்பது, சமன். கடைசிச் சுற்றில் முதலில் அடிப்பது நாங்கள். அண்ணை முதல் பேஸில் நிற்க நான் அடித்தேன். பந்து வேலிவரை போனது. அண்ணை ஓடி ஓடி ஹோமுக்கு வந்து சேர்ந்தார், பத்துக்கு ஒன்பது. நான் இரண்டாம் பேஸில். எங்களில் ஏற்கெனவே இரண்டு பேர் அவுட், மூன்றாவது ஆளோடு முறை முடியும். அடுத்து அடித்தவளின் பந்தும் தூரப் போக, நான் ஓடினேன். மூன்றாம் பேஸையும் மிதித்துவிட்டு ஹோமைப் பார்த்து ஓடுகிறேன். இன்னும் பத்து அடி ஓடினால் எங்களுக்குப் பதினொன்று.

அப்போதுதான், வேலிக்கு அங்காலிருந்து:

"அம்மா! ஓடுங்கோ! அம்மா!"

நான் நின்றுவிட்டேன்.

ஓடு என்று சொன்னதும் நின்ற ஒரே ஆள் இந்த உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். நின்றது மட்டுமில்லை, திரும்பியும் பார்த்தேன். தொப்பி கழன்று, கொப்பியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு என் பிள்ளை நிற்கிறாள். வாய் இன்னும் திறந்தபடி. வேறு யாரையோ கூப்பிட்டாளோ என்று பக்கத்திலும் பார்த்தேன். அதற்குள் மெத்தைக்காரரில் ஒருத்தி அவசரமில்லாமல் நடந்துவந்து பந்தால் என் தோளைத் தொட்டாள். அவுட். எங்கள் ஆட்டம் முடிந்தது.

"பிள்ளை, அங்க என்ன தேர் பாக்க நிண்டனீரோ?" அண்ணைக்குச் சாமி வந்ததுபோல் கோபம். வேரோனிக்கா தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்ல? ஓம், தேர்தான் என்றா சொல்வது?

மற்றப் பக்கம் அவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். ஒரேயொரு ஓட்டம்தான் எங்கள் கையில். என்னால் இரண்டாகவில்லை. இரண்டு பேரை அவுட்டாக்கினோம். செந்தாடி இரண்டாம் பேஸில் நின்றான். அடுத்த அடி என் பக்கமாக உருண்டுவந்தது. நான் பொறுக்கி எடுக்கும்போது அவன் மூன்றாம் பேஸைத் தாண்டிவிட்டான். அவன் போய்ச் சேர்ந்தால் சமன். சமனானால் எல்லாம் என் தலையில்தான்.

வேரோனிக்கா ஹோமில் நின்று கத்துகிறாள்: "துவக்கு! துவக்கு!"

கையை ஓங்கினேன். செந்தாடி தோளுக்கு மேலால் ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். நான் ஓங்கியது தெரிந்தது. மே மாதம் ஞாபகம் வந்திருக்கவேண்டும். இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு நடு வழியில் குந்திவிட்டான்! நான் நின்ற அதே இடம். அதே புல்.

அவனுக்கு எறியும் எண்ணம் எனக்கு இல்லை. கொஞ்சம் இருந்தது. ஆனால் சீனிப் போத்தலும் உப்பும் ஞாபகம் வந்தது. ஹோமுக்கு எறிந்தேன். வேரோனிக்கா நாலு எட்டு வைத்துப்போய்ப் பந்தால் அவனை மெல்லத் தொட்டாள்.

சம்பியன்!

என்னைத் தூக்கினார்கள். தக்காளிச் சோற்றில் பாதியை மெத்தைக்காரர் சாப்பிட்டார்கள். செந்தாடி இரண்டாம் தரமும் கேட்டுவாங்கினான். அண்ணை என் தலையில் கைவைத்து, "சரி, தேர் பாத்தாலும் திருவிழா முடிச்சுத் தந்திட்டீர்" என்றார்.

மயூரி கொப்பியில் என் கட்டத்துக்கு நேரே என்ன எழுதுவது என்று தெரியாமல் பேனையைக் கடித்துக்கொண்டிருந்தாள். முகம் சிவந்திருந்தது. காரில் செந்தாடி குந்தியதைப்பற்றியே பேசிக்கொண்டு வந்தோம்.

செப்ரெம்பர் 14, செவ்வாய்

கோப்பையைக் கன்ரீனில் வைத்திருக்கிறார்கள். மூடி இல்லாத கோப்பை. எங்கள் கம்பனியிலா இப்படி என்று எல்லோரும் பகிடி.

வீட்டில்: "இஞ்ச, பால் முடிஞ்சுது."

செப்ரெம்பர் 28, செவ்வாய்

நேற்று புளூ ஜேஸ் தங்கள் பிரிவில் முதலாவதாக வந்துவிட்டது. மயூரி கட்டிலில் ஏறித் துள்ளினாள். அந்தச் சத்தத்திலும் கேட்டுக்கொண்டிருந்தேன். வரவில்லை. அன்றைக்கு வாய் தவறித்தான் வந்ததோ? அவசரத்தில் யாரும் அம்மா என்று கத்துவார்கள்தானே. கல் தடக்கினாலும் அம்மாதான்.

பரவாயில்லை. ஒரு தரம் கேட்டேன். கொடுத்துவைத்தவள். இரவு பந்து எறியக் கூட வருகிறீர்களா என்று அவளே கேட்கிறாள், இதற்குமேல் என்ன?

(பரவாயில்லை என்று எழுதினேன். பரவாயில்லாமல் இல்லை.)

ஒக்ரோபர் 24, ஞாயிறு

நேற்று புளூ ஜேஸ் மறுபடியும் உலகச் சம்பியன். கடைசி அடி ரீவியில் போகும்போது எங்கள் கட்டிடம் முழுவதும் ஒரே நேரத்தில் கத்தியது. கீழே தெருவில் சனம், கார், ஹோர்ன். இவர் சோற்றுப் பானையில் கரண்டியால் அடித்தார்.

காலை நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருக்க ரெலிபோன் அடித்தது. மயூரி எடுத்தாள். மங்கை! அவளாக ஒருநாளும் எடுப்பதில்லை, நாங்கள்தான் எடுப்போம். ரொறன்ரோவில் சனம் தெருவில் இறங்கிவிட்டது, பொலிஸ் நிற்கிறது என்று அங்கே யாரோ ரீவியில் பார்த்துச் சொன்னார்களாம். கொழும்பில் இருக்கிறவளுக்குச் சனம் தெருவில் இறங்கியது என்றால் வேறென்ன நினைவுக்கு வரும்? பதறிப்போய் எடுத்திருக்கிறாள்.

மயூரி சிரித்துச் சிரித்துச் சொல்வது குசினிவரை கேட்டது.

"கலவரம் இல்லை அம்மா! வெண்டிட்டம்! சந்தோசத்தில கத்தினவை... இல்லை அம்மா, ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. எல்லாரும் வீட்டிலதான்."

பிறகு மங்கை என்னைக் கேட்டிருக்கவேண்டும். நான் கரண்டியோடு நின்றேன்.

"அம்மாவோ? அம்மா குசினியில நிக்கிறா, அம்மா. கூப்பிடுறன், இருங்கோ."

ஒரே மூச்சில் இரண்டு பேருக்கும். ஒரு சொல்தான் கிடக்கிறது என்றவள். யாரிடமிருந்தும் எடுக்கவில்லை. எந்த அம்மா யார் என்று மங்கைக்கும் குழப்பமில்லை, எனக்கும் குழப்பமில்லை.

"அம்மா! சின்னம்மா... அங்க அம்மா லைனில!"

இந்தத் தரம் நான் நிற்கவில்லை. ஓடினேன்.

தோசை கருகிவிட்டது. மயூரி கருகலைச் சுரண்டிவிட்டுச் சாப்பிட்டாள்.